எழுதியவர் மறந்துபோன பையன்

“ரேடியோ, நாளைக்கு எனக்கு அந்த ரயில்வே கேட் புத்தகம் வேணும்” என்று காஜாக்கா கேட்டதும், கைவேலை அறையில் ஓடிக்கொண்டிருந்த ஊசிகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் நின்றன.

காஜாக்கா குனிந்த தலை நிமிரவில்லை. ஒரு கோட்டுக்குக் கையால் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். பொத்தான் நுழையும் துளையின் விளிம்பை நூலால் கட்டிக்கொண்டு வரும்போது பாதியில் கண்ணை எடுத்தால் வேலை கெட்டுவிடும். அந்தக் கம்பெனியில் அவளைப்போல் காஜா எடுக்க ஆளில்லை என்பதால்தான் அந்தப் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

“எந்தப் புத்தகம்?” என்றாள் ரேடியோ, காது கேட்காதவள்போல.

“ரயில்வே கேட்டுடி. நாளைக்கு வாய்மொழித் தேர்வு. பாடப் புத்தகம் ஒண்ணு, நமக்குப் பிடிச்ச புத்தகம் ஒண்ணு. ரெண்டைப் பத்தியும் கருத்துச் சொல்லணும். பிடிச்சதைக் கையோட கொண்டு வரணுமாம்.”

“அதுவா... அது பழசுக்கா. அட்டையெல்லாம் போச்சு. அந்தத் துப்பறியும் கதையை எடுத்துட்டுப் போயேன். புதுசு மாதிரி இருக்கு.”

“அட்டைக்கா மார்க் போடப் போறாங்க?”

“எனக்கென்னவோ துப்பறியும் கதைதான் நல்லதுன்னு படுது” என்றாள் எதிர்வரிசையில் இருந்த பட்டாசு. பட்டாசு யார் சொன்னதையும் ஒப்புக்கொண்டு பேசியதாகச் சரித்திரமே இல்லை. ரேடியோ கிழக்கு என்றால் அவள் மேற்கு என்பாள். அவளே ரேடியோவுக்கு ஒத்து ஊதினாள் என்றால் அப்போதே காஜாக்காவுக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் மனசு முழுக்க மறுநாள் தேர்விலேயே இருந்ததால் உறைக்கவில்லை.

கம்பெனியின் மாடி முழுவதும் மெஷின் இரைச்சல். கீழே பின்பக்கத்தில் இருந்த கைவேலை அறையில் மட்டும் மெஷின் கிடையாது. பொத்தான் தைப்பது, ஓரம் மடிப்பது, பிசிறு வெட்டுவது எல்லாம் அங்கேதான். அந்த அமைதியை வீணாக்கக் கூடாது என்று அந்தப் பெண்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரேடியோ புத்தகம் வாசிப்பாள். மற்றவர்கள் தைத்துக்கொண்டே கேட்பார்கள். வாசிப்பதால் அவள் கூலி குறைந்துவிடக் கூடாதல்லவா? அவள் பங்குத் துணியை ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துத் தைத்து அவள் கூடையில் போட்டுவிடுவார்கள். அத்தியாயம் முடிந்ததும் சண்டை தொடங்கும். அவன் செய்தது சரியா, இவள் அழுதது நடிப்பா, எழுதியவருக்குப் புத்தி இருக்கிறதா என்று தொண்டை கட்டும் வரை பேசுவார்கள். மேனேஜர் கதவில் தட்டினால் அறை கப்சிப்பென்று அடங்கிவிடும்.

அந்தச் சண்டையில் காஜாக்காவின் குரல்தான் முன்பெல்லாம் ஓங்கி நிற்கும். அவளுடைய பையன் காய்ச்சலில் போன பிறகு எல்லோரும் அவளிடம் விட்டுக்கொடுத்தே பேசினார்கள். பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் காலத்தில் சின்னச் சட்டைகள் மலைபோல் வந்து இறங்கும். ஒன்றுகூட அவள் மேசைக்கு வராது. அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டு அதே அறையில் தைக்கும் சித்திதான், வாசலிலேயே மறித்து அவற்றை வேறு பக்கம் தள்ளிவிடுகிறாள் என்பது காஜாக்காவுக்குத் தெரியும். தெரிந்ததைக் காட்டிக்கொண்டதில்லை. காட்டிக்கொண்டால் அதைப் பற்றிப் பேச வேண்டி வருமே.

இந்த நேரத்தில்தான் செக்கிங் மேசையில் இருந்த அம்மா வேலையை விட்டுப் போவதாகச் சொன்னாள். செக்கிங் என்றால் தைத்து முடித்த துணியைச் சரிபார்ப்பது; ஜன்னலோர நாற்காலி, மாதச் சம்பளம், முதுகு நிமிர்ந்த வேலை. மேனேஜர் காஜாக்காவைக் கூப்பிட்டார்.

“கை வேலையில உன்ன அடிச்சுக்க ஆளில்லம்மா. ஆனா செக்கிங்குக்குப் பள்ளி இறுதித் தேர்வு பாஸ் பண்ணியிருக்கணும்னு மேல சொல்லிட்டாங்க. அடுத்த வாரம் வரைக்கும் தள்ளி வைக்கிறேன். அதுக்கு மேல வெளியில இருந்து ஆள் வந்துரும்.” பிறகு மேசையில் கிடந்த பேனாவை நகர்த்தி வைத்துக்கொண்டே, “அங்க எல்லாத் துணியும் கைக்கு வரும். பரவாயில்லையா?” என்றார்.

எல்லாத் துணியும் என்றால் என்ன துணி என்று அவரும் சொல்லவில்லை; அவளும் கேட்கவில்லை. “பரவாயில்ல சார்” என்றாள்.

தனித்தேர்வராக எழுதிய எழுத்துத் தேர்வு முழுவதிலும் அவள் தேறிவிட்டாள். வாய்மொழித் தேர்வில் மட்டும் போன முறை கோட்டைவிட்டிருந்தாள். தேர்வாளர் முன்னால் உட்கார்ந்ததும் மனப்பாடம் செய்ததில் முதல் வரிகூட வரவில்லை. இந்த முறை பிடித்த புத்தகமாவது தன்னைக் காப்பாற்றும் என்று நம்பினாள். ரயில்வே கேட் கதையைப் பற்றிப் பேச அவளிடம் ஒரு கருத்து இருந்தது. யாரிடமும் கடன் வாங்காத சொந்தக் கருத்து.

“சித்தி, நான் என்ன சொல்லப் போறேன் தெரியுமா?” என்று அன்று சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் உற்சாகமாகச் சொன்னாள். “அந்தக் கதையில கேட் பக்கத்துல டீக்கடை போட்டிருக்காளே, அவளுக்கு ஒரு பையன். போற வர்ற கூட்ஸ் வண்டிப் பெட்டியெல்லாம் எண்ணுவான். நான் தேர்வுக் கட்டணம் கட்டப் போன அன்னிக்கு நீங்க வாசிச்சீங்களே பதினோராம் அத்தியாயம், அதுல அவனை அத்தை வீட்டுக்கு அனுப்பிட்டான்னு சொன்னீங்கல்ல? அதுக்கப்புறம் புத்தகம் முடியுற வரைக்கும் அந்தப் பையன் பேச்சே இல்ல! எழுதினவரு அவனைச் சுத்தமா மறந்துட்டாரு. எவ்வளவு பெரிய ஓட்டை! அதைத்தான் பிடிச்சு உலுக்கப் போறேன்.”

சித்தி பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். வரவில்லை.

“அதெல்லாம் எதுக்கு? நல்ல கதைன்னு சொல்லிட்டு வா.”

“நல்ல கதைதான். ஆனா தப்பு தப்புதானே? அப்புறம் அந்த டம்ளர். பன்னெண்டாம் அத்தியாயத்துல இருந்து தினமும் விடியக்காலையில ரெண்டு டம்ளர் கழுவி வைக்கிறா. இருக்கறது அவ ஒருத்தி. எதுக்கு ரெண்டு? அச்சுப் பிழைன்னு நான் சொன்னப்போ நீங்க எல்லாருமே ஆமா ஆமான்னீங்க.”

“சொன்னோம்” என்றாள் சித்தி. “எனக்குத் தலை வலிக்குது. நாளைக்குப் பேசலாம்.”

மறுநாள் காலையில் ரேடியோ கம்பெனி வாசலில் காத்திருந்தாள். பழுப்புத்தாள் அட்டை போட்ட புத்தகத்தை நீட்டினாள். கண் சிவந்திருந்தது.

“நடுவுல கொஞ்சம் பக்கம் கிழிஞ்சுபோச்சுக்கா. சேத்துத் தச்சு வச்சிருக்கு. பிரிச்சுராத, கையோட வந்துரும்.”

“கிழிஞ்சா ஒட்டுவாங்க. தைப்பாங்களா?”

“நம்ம கையில என்ன இருக்கு? ஊசிதானே இருக்கு” என்று சிரிக்கப் பார்த்தாள் ரேடியோ. சிரிப்பு வரவில்லை. “நல்லா பண்ணுக்கா.”

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காஜாக்கா புத்தகத்தைப் பிரித்தாள். நடுவில் கட்டையாக ஒரு பகுதி திறக்க மறுத்தது. மூன்று பக்கமும் வெள்ளை நூலால் தைத்திருந்தது. ரேடியோவின் தையல் இல்லை. அவள் தைத்தால் நாய்க்குட்டி ஓடிய தடம்போல் இருக்கும். இது பொடிப்பொடியாக, மேலே தெரிந்தும் தெரியாமலும் ஓடிய தையல். இப்படித் தைக்க அந்த அறையில் ஒருத்திதான் உண்டு. நேற்றுத் தலைவலி என்று பேச்சை முடித்த சித்தி, எப்போது இதைத் தைத்தாள்?

கைப்பையில் நூல் வெட்டும் குட்டிக் கத்தரி இருந்தது. கை அதைத் தேடியும் விட்டது. ஆனால் பாடப் புத்தகத்துக் கதையின் கருத்தை இன்னும் ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டியிருந்தது. தெரியாத ஒன்றைத் திறந்து பார்த்து, தெரிந்ததையும் மறந்துவிட்டால்? கத்தரியை உள்ளேயே விட்டு, பையை இறுக்கி மூடினாள்.

தேர்வு நடந்த பள்ளியின் தாழ்வாரத்தில் பெஞ்சு போட்டிருந்தார்கள். குழந்தைகள் உட்காரும் பெஞ்சு. முழங்கால் மோவாயைத் தொட்டது. பக்கத்தில் செக்யூரிட்டி உடுப்போடு வந்திருந்த ஒருவர், “இக்கதையின் மூலம் நாம் அறிவது யாதெனில், இக்கதையின் மூலம் நாம் அறிவது யாதெனில்” என்று அதற்கு மேல் போக முடியாமல் சுற்றிக்கொண்டிருந்தார். உள்ளே போனவர்கள் வெளுத்த முகத்தோடு வெளியே வந்தார்கள். அவளுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த தேர்வாளர், நரைத்த தலையைப் படிய வாரியிருந்த ஒரு அம்மா. நிமிராமலே கேட்டார்.

“பாடப் புத்தகக் கதை?”

“இக்கதையின் மூலம் நாம் அறிவது யாதெனில், கொட்டும் மழையிலும் ஆற்றைக் கடந்து பள்ளிக்கு வந்த ஆசிரியரின் கடமை உணர்ச்சி...”

“நோட்ஸ்ல இருக்கறது எனக்கும் தெரியும். உங்களுக்கு என்ன தோணிச்சு?”

காஜாக்காவுக்கு மூளை வெள்ளைத் துணியாகிவிட்டது. போன முறை நடந்ததே மறுபடியும். ஜன்னலோர நாற்காலி கண்முன்னே எழுந்து போய்க்கொண்டிருந்தது. வாய் தானாகத் திறந்தது.

“மழைக்காலம்னு தெரியும்ல மேடம்? அந்த வாத்தியாரு ஒரு குடை எடுத்திருக்கலாம். நனைஞ்சு வந்து பிள்ளைங்க முன்னாடி நடுங்குறாரு. அதுங்க பயந்துபோகாதா? எங்க கம்பெனியில அப்படி ஒருத்தர் வந்தா மாலை போட மாட்டாங்க, வீட்டுக்கு அனுப்புவாங்க.”

தேர்வாளர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். ஏதோ எழுதினார். நல்லதா கெட்டதா என்று முகத்தில் படிக்க முடியவில்லை.

“விரும்பிப் படிச்ச புத்தகம்?”

காஜாக்கா புத்தகத்தை நீட்டினாள். தேர்வாளரின் முகம் லேசாக இளகியது. “அட, இதுவா! நான் ரெண்டு தடவை படிச்சிருக்கேன். சொல்லுங்க.”

நேற்று பேருந்து நிறுத்தத்தில் சொன்னதை அவள் தடங்கலில்லாமல் சொன்னாள். டீக்கடைக்காரியின் துணிச்சல், கேட்டில் நிற்கும் லாரிக்காரர்களோடு அவள் பேசும் கிண்டல், எல்லாம் சொல்லி, கடைசியில் தன் கையிருப்பை எடுத்து வைத்தாள்.

“ஆனா ஒரு குறை இருக்கு மேடம். பையனை அத்தை வீட்டுக்கு அனுப்பின பிறகு எழுதினவரு அவனை மறந்துட்டாரு.”

தேர்வாளரின் பேனா நின்றது.

“எந்த அத்தை வீடு?”

“பதினோராம் அத்தியாயத்துல...”

“பதினோராம் அத்தியாயத்தை நீங்க படிச்சீங்களா?”

காஜாக்கா தலை குனிந்தாள். தேர்வாளர் புத்தகத்தைப் புரட்டினார். விரல் தையலில் போய் முட்டியது. புத்தகத்தைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன? தைச்சிருக்கு?”

“கிழிஞ்சிருக்குன்னு சொன்னாங்க.”

“கிழியல. உள்ள பக்கம் நல்லாத்தான் இருக்கு.” குரல் கறாராகிவிட்டது. “தேர்வுன்னா விளையாட்டு இல்லம்மா. திறந்து ஒரு பக்கம் வாசிங்க. வாசிக்க முடியலன்னா இந்தப் புத்தகத்துக்கு மார்க் கிடையாது. பாடப் புத்தகத்தை மட்டும் வச்சுத் தேற முடியாது, தெரியும்ல?”

தெரியும். இங்கிருந்து எழுந்துபோனால் எல்லாம் முடிந்தது. காஜாக்கா கைப்பையைத் திறந்து குட்டிக் கத்தரியை எடுத்தாள். சித்தியின் தையலை வெட்டுவது லேசில்லை. ஒவ்வொரு கண்ணாகத் தேடி வெட்ட வேண்டியிருந்தது. வெட்ட வெட்ட, இதைத் தைத்த கை எதைப் பார்த்து இவ்வளவு பயந்திருக்கும் என்று அவளுக்கு மெல்லப் புரிய ஆரம்பித்தது. புத்தகம் திறப்பதற்கு முன்பே புரிந்துவிட்டது. கத்தரி மட்டும் நிற்கவில்லை.

வாசித்தாள். பையனுக்குக் காய்ச்சல். தூரத்தில் கூட்ஸ் வண்டி போகிறது. எழுந்து எண்ண முடியாத பையன் அம்மாவிடம் எத்தனை பெட்டி என்று கேட்கிறான். அவள் எண்ணவில்லை, வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள். ஒண்ணு கூடச் சொல்லிட்டம்மா என்று அவன் சிரிக்கிறான். அடுத்த வண்டி வரும்போது கேட்க அவன் இல்லை.

காஜாக்காவின் குரல் அங்கே இறங்கி, தரையைத் தொட்டு நின்றது.

“போதும். நிறுத்திக்கலாம்” என்றார் தேர்வாளர்.

“இல்ல மேடம். முடிக்கணும்.”

முடித்தாள். மறுநாளே அவள் கடையைத் திறந்ததையும், கல்நெஞ்சுக்காரி என்று தெருவே பேசியதையும், பையனின் தட்டை வழியில் போன ஒரு பெண்ணிடம் அவள் தூக்கிக் கொடுத்துவிட்டதையும் ஒரு வரி விடாமல் வாசித்தாள்.

“யார் தைச்சது இதை?”

“எங்க சித்தி. எனக்கும் ஒரு பையன் இருந்தான் மேடம்.”

தேர்வாளர் அவசரப்படவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை.

“எழுதினவர் பையனை மறந்துட்டார்னு சொன்னீங்க. இப்ப என்ன சொல்றீங்க?”

“தப்பு மேடம். நான் சொன்னது தப்பு. அவரு ஒரு பக்கத்துலகூட மறக்கல. ரெண்டு டம்ளர் எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது. நான் அச்சுப் பிழைன்னு நெனச்சேன்.”

“மறுநாளே கடை திறந்தது?”

“சரிதான். அவளுக்கு மனசு கல்லுன்னு இல்ல. வீட்டுக்குள்ள சத்தமே இருக்காது மேடம். அது காதை அடைக்கும். கடையில தண்ணி கொதிக்கிற சத்தமாவது இருக்கும். நானும் சீக்கிரமே வேலைக்குப் போயிட்டேன். ஆனா போன இடத்துல எல்லாரும் சத்தம் போடாம இருந்துட்டாங்க.”

தேர்வாளர் எழுதினார். நீளமாக எழுதினார். “படிக்காத அத்தியாயத்துக்குக் கருத்துச் சொன்னதுக்கு மார்க் குறைப்பேன்” என்றார். “போய் வெளியில இருங்க. மதியம் பட்டியல் ஒட்டுவாங்க.”

பட்டியலில் அவளுடைய எண் இருந்தது. தேவையானதற்கு மேல் கொசுறுபோல் கொஞ்சம் மதிப்பெண். செக்யூரிட்டிக்காரரும் தேறிவிட்டார், இக்கதையின் மூலம் அவர் எதையோ அறிந்திருக்க வேண்டும்.

கைவேலை அறைக்கு அவள் வந்தபோது ரேடியோ வாசித்துக்கொண்டிருக்கவில்லை. எல்லோரும் தைப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்கள்.

“பாஸா?” என்றாள் சித்தி, தலையைத் தூக்காமல்.

“பாஸ்.”

யாரும் கை தட்டவில்லை. காஜாக்கா புத்தகத்தைச் சித்தியின் மடியில் வைத்தாள். மூன்று பக்கமும் வெட்டுப்பட்ட நூல் தொங்கியது. சித்தியின் விரல்கள் அதைத் தொட்டுவிட்டு, சூடு பட்டதுபோல் பின்வாங்கின.

“ரேடியோ வீட்டுல முன்னாடியே படிச்சுட்டு வந்து அழுதா” என்றாள் சித்தி. “நீ இல்லாத அன்னிக்குப் பாத்து வாசிச்சோம். அத்தை வீடு நான் சொன்னது. உனக்கு நல்லதுன்னுதான்...”

“நல்லது! ஒரு ஓட்டைக் கதையை எனக்குக் கொடுத்துட்டு, நான் அதை உலுக்குறதை எல்லாரும் உக்காந்து பாத்தீங்க. அச்சுப் பிழைன்னா ஆமா. எழுதினவரு மறந்துட்டாருன்னா ஆமா. இந்தப் பட்டாசுகூட ஆமா!” குரல் உயர்ந்தது. “நான் என்ன கண்ணாடிச் சாமானா? இன்னிக்கு அந்த அம்மா முன்னாடி தலை குனிஞ்சு உக்காந்தேன் சித்தி. செக்கிங் வேலையே போயிருக்கும்.”

ரேடியோ மூக்கை உறிஞ்சினாள்.

காஜாக்கா தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

“பதினொண்ணு வாசிச்சுட்டேன். இப்ப என் கருத்தைச் சொல்றேன். மறுநாளே அவ கடை திறந்தது சரி. பையனோட தட்டை யாருக்கோ தூக்கிக் கொடுத்ததும் சரி. எந்தக் குறையும் இல்லாத கதை. யாராவது எதிர்த்துப் பேசறதுன்னா பேசுங்க.”

மாடியில் மெஷின்கள் ஓடும் அதிர்வு மட்டும் சுவரில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒருத்தி ஊசியைப் பார்த்தாள், ஒருத்தி ஜன்னலைப் பார்த்தாள். காஜாக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். இன்றும் எல்லோரும் ஆமா என்று சொல்லிவிட்டால், செக்கிங் மேசைக்குப் போனாலும் அவள் பழைய கண்ணாடிச் சாமான்தான்.

“கடை திறந்தது சரி” என்று ஒரு குரல் மெதுவாக வந்தது. பட்டாசு. தொண்டையைச் செருமிக்கொண்டாள். “ஆனா தட்டைக் கொடுத்தது தப்பு.”

“ஏய்!” என்று சித்தி பல்லைக் கடித்தாள்.

“நீங்க சும்மா இருங்க சித்தி, அவதானே பேசச் சொன்னா! பெத்த பிள்ளையோட தட்டை எவளோ ஒருத்திகிட்ட எப்படிக் கொடுப்பா? ரெண்டு டம்ளர் கழுவத் தெரியுது, ஒரு தட்டை வச்சுக்கத் தெரியலையா? எழுதினவரு ஆம்பளை. அவருக்கு என்ன தெரியும்?”

“தட்டு கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா அவ எப்படிடி சோறு திம்பா?” என்றாள் காஜாக்கா.

“அப்போ டம்ளர் மட்டும் கண்ணுல படாதா?”

“அது வேற, இது வேற!”

“என்ன வேற? சொல்லு பாப்போம்.” பேச்சின் வேகத்தில் பட்டாசு தன் பக்கத்தில் இருந்த துணிக்கட்டைத் தூக்கிக் காஜாக்காவின் மேசையில் பொத்தென்று போட்டாள். “வாய்தான் பேசுது, கை எதுக்குச் சும்மா இருக்கு? இன்னிக்குள்ள அனுப்பணுமாம். ஏழு மணி வரைக்கும் நான் ஒருத்தியே தைக்கவா?”

கட்டு அவிழ்ந்து சரிந்தது. சின்னச் சட்டைகள். மேலே கிடந்ததற்கு உள்ளங்கை அகலக் காலர்.

சித்தி பாதி எழுந்துவிட்டாள். பட்டாசு, தான் என்ன செய்தோம் என்று அப்போதுதான் தெரிந்து, வாயில் கையை வைத்தாள்.

காஜாக்கா அந்தச் சட்டையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதை எடுத்து மடியில் விரித்து, காலரைக் கட்டைவிரலால் நீவிவிட்டு, நூலை நாக்கில் தொட்டு ஊசியில் கோத்தாள். முதல் முறை நுழையவில்லை. இரண்டாவது முறை நுழைந்தது.

“ம்” என்றாள், கண்ணைத் துணியிலிருந்து எடுக்காமல். “எழுதினவரு ஆம்பளைன்னு சொன்னியே. அதனால? நிறுத்தாம சொல்லு.”